பிரெட்றிக் கோட்டை: வாசற்கல்லை வாசித்துவிட்டு மேலே ஏறுங்கள்

திருகோணமலைக்கு வருபவர்களில் அநேகர் கோட்டை வாசலை ஓட்டோவில் கடந்து நேரே கோணேசர் கோயிலுக்குப் போய்விடுகிறார்கள். வாசலிலேயே இறங்குங்கள். உங்கள் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டிய முதல் கல் அங்கேதான் இருக்கிறது.

உள்ளே நுழையும்போது வலப்பக்க நிலைக்கல்லைப் பாருங்கள். மீன் சின்னமும் தேய்ந்துபோன சில வரித் தமிழும் தெரியும். 'முன்னே குளக்கோட்டன்' என்று தொடங்கி, அந்தப் பழைய அரசன் கோணேசர் கோயிலுக்குச் செய்த திருப்பணியைப் பின்னே பறங்கி (போர்த்துக்கேயர்) வந்து பிரிப்பதைச் சொல்லும் பாடல் ஊரில் வழிவழியாக வருகிறதல்லவா, அதன் சிதைந்த துண்டு இது. உச்சி வெயிலில் எழுத்துப் பிடிபடாது. வெட்டின பள்ளத்தில் நிழல் விழாததுதான் காரணம். கைபேசி வெளிச்சத்தைக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தால் எழுத்து எழும்பி வரும். சோக்கோ மாவோ பூசவேண்டாம், கல் கெட்டுப்போகும். வாசலில் இராணுவக் காவல் உண்டு. கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்.

கோயில் கல் கோட்டை வாசலுக்கு வந்த கதை 1622இல் தொடங்குகிறது. போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனோ டி சா கோணேசர் கோயிலை இடிப்பித்து, அந்தக் கற்களையே கொண்டு கோட்டை எழுப்பினான். 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். வாசலில் காணும் 1675 என்ற ஆண்டு அவர்கள் காலத்தது. மேலே இருக்கும் அரச சின்னம் ஆங்கிலேயருடையது. 1782இல் மட்டும் கோட்டை இரண்டு தடவை கைமாறியது: ஜனவரியில் ஆங்கிலேயர், ஓகஸ்டில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சஃப்ரன். இத்தனை அடிபாட்டுக்கும் காரணம் துறைமுகம். மாரிகாலக் காற்றில் இந்தியாவின் கிழக்குக் கரையான சோழமண்டலக் கரையோரம் கப்பல்கள் நிற்கமுடியாது. ஒதுங்க ஆழமான, காற்றுப் படாத இடம் இங்கேதான் இருந்தது. மீண்டும் ஒல்லாந்தர் கைக்குப் போன கோட்டையை ஆங்கிலேயர் 1795இல் பிடித்தார்கள். யோர்க் கோமகன் பிரெட்றிக்கின் பெயரை 1803இல் வைத்தார்கள்.

வாசலில் இருந்து கோயிலுக்கு ஏற்றம். காலை வெயில் ஏறுமுன் நடந்துவிடுங்கள். வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) அனலாக வீசும். வெறுங்காலோடு கல்லில் நிற்கவே முடியாது. ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணீர் வேண்டும். மத்தியானம் நடை சாத்தியிருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். பதினொரு மணிக்குப் பிறகு ஏறி, பூட்டின கதவைப் பார்த்துத் திரும்புவோர் நிறையப்பேர். ஆண்களுக்கு வேட்டி, பெண்களுக்குத் தோளும் முழங்காலும் மறையும் உடுப்பு. கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். வழியில் படை முகாம் இருப்பதால் கமராவை அந்தப் பக்கம் திருப்பவேண்டாம். ட்ரோன் பறக்கவிடும் எண்ணமே வேண்டாம்.

புள்ளிமான்கள் கிட்ட வரும். பிள்ளைகள் பிஸ்கட் கொடுக்கப் போவார்கள், தடுத்துவிடுங்கள். பொலித்தீனையும் சேர்த்து விழுங்கி வயிறு அடைத்து மான்கள் செத்திருக்கின்றன.

மேலே இப்போதுள்ள கோயில் புதியது. 1950இல் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள் இருந்து செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. அதன் பிறகு திருப்பணி நடந்து 1963இல் கும்பாபிஷேகம். சம்பந்தர் 'குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும்' என்று பாடிய கோணமாமலை இதுதான். பதிகத்தைத் தெரிந்தவர்கள், இராவணன் வாளால் வெட்டியதாகச் சொல்லப்படும் பாறைப் பிளவான இராவணன் வெட்டுக்கு அருகே நின்று ஒருமுறை படியுங்கள், கீழே கடல் உறுமுவது கேட்கும். அந்தக் கடலடியில் பழைய கோயிலின் தூண்கள் கிடப்பதை 1956இல் சுழியோடிகள் கண்டார்கள். பிள்ளைகளை வேலியில் ஏறவிடாதீர்கள். பாறை செங்குத்தாக இறங்குகிறது.

இறங்கியதும் டச்சு பே கடற்கரைக்குப் போய் மதிலை வெளியில் இருந்து பாருங்கள். உள்ளே நின்றால் தெரியாத உயரம் அங்கிருந்துதான் தெரியும்.