ரேடியோகிராபி சிமுலேஷன்: ஒரே சிதறலை 21 முறை கணக்கிட்ட கதை

"அண்ணா, ரன் முடிய இன்னும் நாலு நாள் ஆகும்" என்றார் புதிதாகச் சேர்ந்த தம்பி. எஃகைக் கதிரால் படமெடுப்பதைக் கம்ப்யூட்டரிலேயே செய்து பார்ப்பதுதான் எங்கள் வேலை. திரையை எட்டிப் பார்த்தேன். சேர்ந்த புதிதில் நான் அடித்த அதே கூத்து. யூனிட்டை மாற்றிப் போடுவது, அடர்த்தியைத் தப்பாகக் கொடுப்பது எல்லாம் முதல் படத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். சட்டென்று கண்ணில் படாத தவறுகள் மட்டும் இங்கே.

ஒவ்வொரு ரன்னிலும் சிதறலைப் புதிதாகப் போடுவது

எனக்குக் கொடுத்த வேலை இது: 25 மி.மீ. எஃகு வெல்டு, காமா கதிர் விடும் இரிடியம்-192 சோர்ஸ். விரிசலை 0 முதல் 10 டிகிரி வரை அரை அரை டிகிரியாகச் சாய்த்து, எந்தச் சாய்வில் அது படத்திலிருந்து மறைகிறது என்று பார்க்க வேண்டும். மொத்தம் 21 ரன். ஒவ்வொன்றுக்கும் முழு மான்டி கார்லோ (போட்டான் எனும் கதிர்த்துகள்களை ஒவ்வொன்றாக, தற்செயலாகப் பாயவிட்டு எண்ணும் முறை), ஆறு மணி நேரம். ஐந்து நாளுக்கு மேல் கம்ப்யூட்டர் அடுப்பாகக் கொதித்தது.

வந்த கிராப்பில் 4.5 டிகிரியில் ஒரு மேடு. அதற்கு இயற்பியல் விளக்கம் வேறு யோசித்து ரிப்போர்ட்டில் எழுதினேன். ரேண்டம் சீடை (தற்செயல் எண்களின் தொடக்க எண்ணை) மாற்றி ஓட்டியதும் மேடு 7 டிகிரிக்கு நகர்ந்துவிட்டது. வெறும் இரைச்சல்! இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல்தான்.

விரிசலைக் காட்டுவது நேராக வரும் கதிர். அதற்கு ரே ட்ரேசிங் (கதிரை நேர்க்கோட்டில் தொடர்ந்து கணக்கிடுவது) போதும், சட்டென்று முடியும். எஃகுக்குள் மோதித் திசைமாறிச் சிதறி வருவது பனிமூட்டம் மாதிரி படம் முழுக்கப் பரவும். மெல்லிய விரிசல் கொஞ்சம் சாய்ந்ததற்காக அது மாறிவிடாது. அதற்காகச் சிதறலையே விட்டுவிட்டால் விரிசல் உண்மையைவிடப் பளிச்சென்று தெரியும், அதுவும் பொய். குறையில்லாத துண்டுக்கு ஒரே தடவை சிதறலைக் கணக்கிட்டுச் சேமியுங்கள். பிறகு ஒவ்வொரு சாய்வுக்கும் நேர்க்கதிரை மட்டும் போட்டு அதோடு கூட்டுங்கள்.

அந்த ஒரு தடவைக்கும் 2000-க்கு 2000 பிக்சல் வேண்டாம், 50-க்கு 50 கட்டம் போதும். ஒரு கட்டத்தில் 1,600 பிக்சலின் போட்டான்கள் சேர்வதால் இரைச்சல் நாற்பதில் ஒரு பங்காகிவிடும். துண்டின் விளிம்பருகே மட்டும் கட்டத்தைச் சிறிதாக்குங்கள். சோர்ஸ், தூரம், தடிமன் இவற்றில் ஏதாவது மாறினாலோ, விரிசலுக்குப் பதில் பெரிய பொத்தல் வந்தாலோ மறுபடி கணக்கிடத்தான் வேண்டும்.

போட்டானைக் கூட்டிக்கொண்டே போவது

இரைச்சலைக் குறைக்க நாலு மடங்கு போட்டான் விட்டால் நாலு மடங்கு நேரம், பாதி இரைச்சல். அவ்வளவுதான் கிடைக்கும்.

எலக்ட்ரானைத் துரத்துவது

போட்டான் மோதித் தெறிக்கவிடும் எலக்ட்ரான் இந்த ஆற்றலில் எஃகுக்குள் ஒரு மில்லிமீட்டர்கூடப் போகாது. பிறந்த இடத்திலேயே ஆற்றலை விட்டதாகக் கணக்கை முடித்துவிடுங்கள். ஃபிலிமை ஒட்டிய ஈயத் தகட்டில் மட்டும் கை வைக்காதீர்கள். அங்கே ஃபிலிமைக் கறுப்பாக்குவதே எலக்ட்ரான்தான்.

பின்சுவரை அழிப்பது

நேரம் மிச்சமாகும் என்று ஃபிலிமுக்குப் பின்னால் இருக்கும் சுவரை மாடலிலிருந்து எடுக்க வேண்டாம். திரும்பி வரும் சிதறலும் கூடவே போய்விடும்.

பிக்சலில் தாராளம்

2 மி.மீ. சோர்ஸ், ஃபிலிமிலிருந்து 600 மி.மீ. தூரம். துண்டின் மேற்பரப்பில் இருப்பது எப்படியும் 0.09 மி.மீ. அளவுக்கு மங்கித்தான் விழும். தம்பியின் ஃபைலில் பிக்சல் 0.01 மி.மீ.! 0.04 ஆக்கச் சொன்னேன். பிக்சல் எண்ணிக்கை பதினாறில் ஒரு பங்கானது, படத்தில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.