செட்டிநாட்டுச் செம்மண்ணில் தீவனப்புல்லுக்கு உரமிடும் முறை

தீவனப்புல்லுக்கு எவ்வளவு உரம் வேண்டும் என்று கணக்கிடுவதற்கு முன், புல்லை மாடு நிலத்திலேயே மேயப்போகிறதா, அறுத்துக் கொட்டிலுக்குக் கொண்டுபோகப் போகிறோமா என்பதில் தெளிவு வேண்டும். மேயும் மாடு, தான் தின்ற தழைச்சத்திலும் (நைட்ரஜன்) சாம்பல்சத்திலும் (பொட்டாசியம்) பெரும்பகுதியைச் சாணமாகவும் கோமியமாகவும் அதே நிலத்தில் விட்டுவிடுகிறது. அறுத்த புல்லோடு அத்தனை சத்தும் வரப்பைத் தாண்டிவிடுகிறது. ஏக்கருக்கு ஓர் அறுப்பில் 10 டன் பசும்புல் கிடைப்பதாகக் கொண்டால், அதில் ஈரம் போக உலர்பொருள் ஏறத்தாழ 2 டன் இருக்கும். அதனுடன் சுமார் 30 கிலோ தழைச்சத்தும், அதற்குக் குறையாத அளவில் பொட்டாசியமும், 5 கிலோ அளவில் பாஸ்பரசும் (மணிச்சத்து) மண்ணிலிருந்து போய்விடுகின்றன.

காரைக்குடி, கல்லல் பக்கத்துச் சரளைச் செம்மண் சத்துகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் திறன் குறைந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தழைச்சத்தும் சாம்பல்சத்தும் கீழே இறங்கிவிடும். மணிச்சத்தையோ மண்ணிலுள்ள இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆகவே மணிச்சத்து உரமான சூப்பர் பாஸ்பேட்டை நிலமெங்கும் தூவாமல், மட்கிய தொழு உரத்துடன் கலந்து நடவுச் சாலிலேயே இட வேண்டும். கோடையில் அனுமதி பெற்றுக் கண்மாய் வண்டல் அடித்துப் போட முடிந்தால், மண்ணின் பிடிமானம் சற்றுக் கூடும்.

இறவையில் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் நடுவோருக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை, ஹெக்டேருக்கு 25 டன் தொழு உரமும், தழை, மணி, சாம்பல் சத்துகள் முறையே 150, 50, 40 கிலோவும் ஆகும். ஏக்கர்க் கணக்கில் இது 10 டன் தொழு உரம், 125 கிலோ சூப்பர் பாஸ்பேட், 27 கிலோ பொட்டாஷ் (சாம்பல்சத்து உரம்), 130 கிலோ யூரியா என்று வரும். யூரியாவில் பாதியை, அதாவது 45 கிலோ மூட்டையில் ஒன்றரை மூட்டையை, அடியுரமாகவும் மீதியை நட்ட 30ஆம் நாளிலும் இட வேண்டும். பின்னர் ஒவ்வோர் அறுப்புக்குப் பிறகும் அதே ஒன்றரை மூட்டையை இட்டு, உடனே தண்ணீர் பாய்ச்ச வேண்டும். மண்ணுக்குள் இறங்காமல் மேலேயே தங்கிய யூரியாவில் ஒரு பகுதி அம்மோனியாவாகிக் காற்றோடு போய்விடக்கூடும்.

பலர் பொட்டாஷைக் கைவிடுவதுதான் என் பார்வையில் பெரிய பிழை. அடி இலைகளின் நுனியும் ஓரமும் தீய்ந்தாற்போல் பழுத்தால் சாம்பல்சத்துக் குறை என்றும், அடி இலை நுனியிலிருந்து நடுநரம்பை ஒட்டி வெளிறினால் தழைச்சத்துக் குறை என்றும் கொள்ளலாம். ஆனால் பொட்டாஷை ஒரேயடியாகக் கொட்டுவதும் வீண். புல் தேவைக்கு மேலும் அதை உறிஞ்சிக்கொள்ளும், மெக்னீசியம் எடுப்பது அதனால் குறையும். மாட்டின் கோமியத்தில் சாம்பல்சத்து மிகுதி என்பதால், கொட்டில் கழுவிய நீரை வாய்க்கால் வெட்டிப் புல் பாத்திக்குத் திருப்பினாலே ஒரு பங்கு திரும்பிவிடும்.

மானாவாரி மேய்ச்சல் நிலத்திற்குக் கொழுக்கட்டைப் புல்லும், முயல்மசால் என்ற பயறுவகைத் தீவனச்செடியும் 3:1 விகிதத்தில் போதும். முயல்மசால் தழைச்சத்தைத் தானே நிலைநிறுத்துவதால், மணிச்சத்துக்கு முதலிடம் தரலாம். புலிக்குளம் இன மாடுகள் நாள் முழுதும் மேய்ந்தாலும் சாணமும் கோமியமும் மரத்தடியிலும் ஊரணிக் கரையிலுமே குவியும். அங்கே புல் கருகருவென்று செழிக்க, மேட்டுப்பகுதி வெளிறிக் கிடக்கும். மாடுகளை இரவில் அடைக்கும் கிடையை வாரந்தோறும் இடம் மாற்றினால் இந்த ஏற்றத்தாழ்வு குறையும்.

வறட்சியில் வாடி, திடீர் மழையில் துளிர்த்த புல்லுக்கு யூரியா இட்டிருந்தால் குறைந்தது மூன்று வாரம் மாட்டை அதில் விடக்கூடாது. தண்டின் அடிப்பகுதியில் சேரும் நைட்ரேட் மாட்டுக்கு நஞ்சாகும். அவசரத்திற்கு அறுக்க நேர்ந்தால், அடித்தண்டை ஒரு சாண் விட்டு அறுத்து, வைக்கோலுடன் கலந்தே போட வேண்டும்.