சின்னக் குழந்தைகளோடு தீவுத்திடல் பொருட்காட்சி: எப்போது போவது, எதில் ஏற்றுவது

சென்னை தீவுத்திடலில் பொங்கலை ஒட்டித் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்தும் பொருட்காட்சி இரண்டு மாதத்துக்கும் மேல் நடக்கும். பொங்கல் விடுமுறையிலேயே போயாக வேண்டிய கட்டாயம் இல்லை. வீட்டில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால் ஜனவரி 14 முதல் 17 வரை அந்தப் பக்கமே போக வேண்டாம். காணும் பொங்கல் கூட்டத்தில் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்ற குழந்தை, ராட்டினம் கிளம்பும் முன்பே அழ ஆரம்பித்துவிடும். பிப்ரவரியில் ஒரு செவ்வாயோ புதனோ போனால் அதே ராட்டினத்தில் ஐந்து நிமிடத்தில் ஏறலாம்.

வேலை நாட்களில் பிற்பகலில்தான் திறப்பார்கள். அன்றைய நேரத்தைப் பார்த்துக்கொண்டு, நாலு மணி வாக்கில் உள்ளே இருக்கும்படி கிளம்புங்கள். வெயில் தணிந்திருக்கும், ராட்டினக்காரர்களும் அவசரமில்லாமல் ஏற்றி இறக்குவார்கள். ஆறு மணிக்கு மேல் இருட்டி விளக்குப் போடுவார்கள். ஏழு மணிக்கு அலுவலகம் முடிந்து வருகிற கூட்டம் சேரும். ஏழரைக்குள் வெளியே வந்துவிட்டால் ஆட்டோவும் கிடைக்கும், குழந்தையும் தூங்கி விழாது. மெட்ரோவில் வருகிறவர்கள் அரசினர் தோட்டம் நிலையத்திலோ சென்ட்ரலிலோ இறங்கலாம். அங்கிருந்து கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் இருப்பதால், போகும்போது ஆட்டோ பிடித்துவிடுங்கள். குழந்தையின் கால் வலு உள்ளே நடக்கத் தேவைப்படும்.

நுழைவுச் சீட்டு தனி, ஒவ்வொரு ராட்டினத்துக்கும் டிக்கெட் தனி. பணம் கரைவது ராட்டினங்களில்தான். அதனால் டிக்கெட் எடுக்கும் முன் குழந்தையோடு ஒரு சுற்று நடந்து, எதெல்லாம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, நாலு ராட்டினம் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். கூட்ட நேரத்தில் போனில் சிக்னல் திணறும். பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களாகக் கொஞ்சம் கையில் இருக்கட்டும். சில ராட்டினங்களில் உயரம் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். செருப்பில்லாமல் வீட்டிலேயே அளந்து தெரிந்துகொண்டால், வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பும் ஏமாற்றம் குழந்தைக்கு இருக்காது.

ஏற்றும் வரிசைதான் முக்கியம். முதலில் மினி ரயில். அது தரையோடு போகும், மெதுவாகப் போகும், குழந்தைக்கு இடமும் சத்தமும் பழகும். அடுத்தது குதிரை ராட்டினம். மூன்று வயதுக் குழந்தையைக் குதிரையில் உட்கார வைத்தால், பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று இடுப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கம்பியைப் பிடிக்கும் கை வியர்த்து வழுக்கினால் குழந்தை சரிந்துவிடும். காற்றடித்த பலூன் சறுக்கில் இறக்கும் முன், உள்ளே இருப்பவர்களின் வயதைப் பாருங்கள். பத்து வயதுப் பையன்கள் குதிக்கும் இடத்தில் மூன்று வயதுக் குழந்தை தூக்கி எறியப்படும். பெரியவர்கள் இறங்கும்வரை காத்திருந்து ஏற்றலாம். ஊதும் மோட்டாருக்கு மின்சாரம் நின்றால் பலூன் தொய்ந்துவிடும் என்பதால் வாசலிலேயே நில்லுங்கள்.

ராட்சத ராட்டினத்தை விளக்குப் போட்ட பிறகு, ஆறேகாலுக்கு வைத்துக்கொள்ளலாம். இதில் குழந்தை பயப்படுவது சுற்றும்போது அல்ல, உச்சியில் நிற்கும்போது. எடை ஒரு பக்கமாகச் சாயாமல் இருக்க எதிரெதிர்க் கூண்டுகளில் ஆள் ஏற்றுவார்கள். அதற்காக ராட்டினம் பலமுறை நின்று நின்று நகரும். “மேலே கொஞ்ச நேரம் நிக்கும், அப்போ ஊரைப் பார்க்கலாம்” என்று ஏறும் முன்பே சொல்லிவிட்டால் பாதி பயம் போய்விடும். குழந்தையை இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் உட்கார வையுங்கள். கூண்டின் கொக்கியை ஆள் மாட்டிவிட்டாலும் நீங்கள் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

வட்டமாக வேகம் எடுக்கும் ராட்டினம் எதிலும் குழந்தை உள்பக்கம், பெரியவர் வெளிப்பக்கம். சுழற்சி எல்லாரையும் வெளியே தள்ளும். மாற்றி உட்கார்ந்தால் உங்கள் முழு எடையும் குழந்தையை நசுக்கும். கொலம்பஸ் கப்பல் பெரிய குழந்தைகளுக்கு. ஏற்றுவதானால் நட்டநடு வரிசையில் உட்காருங்கள், இரு முனைகள்தான் அதிகம் உயர்ந்து வயிற்றைப் புரட்டும். பேய் வீட்டை ஏழு வயதுவரை தள்ளிப்போடுவது நல்லது, அந்தப் பயம் இரவில் வீட்டுக்கும் வரும். மரணக்கிணற்றில் பைக்கின் இரைச்சலும் புகையும் மூடிய வட்டத்துக்குள் மேலேறி வரும். கைக்குழந்தையோடு அந்தப் படியில் ஏறவே வேண்டாம்.

இவை எல்லாம் கழற்றி மாட்டும் ராட்டினங்கள். தரையில் மரக்கட்டை அடுக்கி, அதன்மேல் நிறுத்தியிருப்பார்கள். டிக்கெட் எடுக்கும் முன் ஒரு முழுச் சுற்று வேடிக்கை பாருங்கள். அடிக்கட்டை அசைகிறதா, ஒவ்வொரு இருக்கையின் கம்பியையும் ஆள் தொட்டுப் பார்க்கிறாரா, கொக்கிக்குப் பதில் கயிறோ கம்பியோ கட்டியிருக்கிறதா, இருவர் இருக்கையில் நால்வரை அடைக்கிறார்களா என்று கவனியுங்கள். இதில் ஒன்று சரியில்லை என்றாலும் குழந்தை எவ்வளவு அழுதாலும் ஏற்றாதீர்கள். மழை பெய்து மண் இளகிய மாலையில் பெரிய ராட்டினங்களை விட்டுவிடுங்கள், கட்டைக்கு அடியில் மண் இறங்கும். நீளமான முடியைப் பின்னிக் கொண்டையாகக் கட்டுங்கள். துப்பட்டாவைக் கழற்றிப் பையில் வையுங்கள். சுழலும் பாகத்தில் முடியோ துணியோ சிக்கினால் ராட்டினம் உடனே நிற்காது.

சாப்பாடு ராட்டினத்துக்குப் பிறகுதான். வயிறு நிறைந்து சுற்றினால் வாந்தி நிச்சயம். பசி தாங்காத குழந்தைக்கு நடுவில் ஒரு வாழைப்பழமோ இரண்டு பிஸ்கட்டோ போதும். டெல்லி அப்பளம் வாங்கும்போது மிளகாய்த்தூள் தூவும் முன்பே “தூள் வேண்டாம்” என்று சொல்ல வேண்டும், தட்டிவிட்டாலும் காரம் எண்ணெயில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்று வாங்கினால் மூன்று பேருக்குப் போதும். சர்பத், ஐஸ் கோலா குழந்தைகளுக்கு வேண்டாம், எந்தத் தண்ணீர் என்று தெரியாது. ஆளுக்கு அரை லிட்டர் தண்ணீர் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள்.

களைத்த குழந்தையை அரசுத் துறை அரங்குகளுக்குக் கூட்டிப் போங்கள். நிழல் இருக்கும், பார்க்க மாதிரிகள் இருக்கும், காசும் செலவாகாது. கழிவறையில் வரிசை இருக்கும் என்பதால் குழந்தை கேட்கும்வரை காத்திராமல் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கூட்டிப் போவது நல்லது. மாற்றுத் துணி ஒன்று, ஈரத்துடைப்பான், மூச்சிரைப்பு உள்ள குழந்தைக்கு இன்ஹேலர், புழுதியில் கண் கழுவக் கொஞ்சம் தண்ணீர் பையில் இருக்கட்டும். தரையில் மின்கம்பிகள் ஓடும், செருப்பைவிட ஷூ நல்லது.

வாசலில் நுழைந்ததும் குழந்தையை ஒரு போட்டோ எடுங்கள். தொலைந்தால் அன்று போட்டிருக்கும் சட்டையின் நிறத்தைப் பதற்றத்தில் யாராலும் சொல்ல முடியாது. உங்கள் போன் எண்ணைக் குழந்தையின் முன்கையில் பேனாவால் எழுதுங்கள். போலீஸ் உதவி மையம் எங்கே என்று முதலிலேயே காட்டிவிடுங்கள். அம்மா அப்பாவைக் காணவில்லை என்றால் தேடி ஓடாமல் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். குழந்தை காணாமல் போனால் ஒருவர் அதே இடத்தில் நிற்க, இன்னொருவர் உதவி மையத்துக்குப் போய் மைக்கில் அறிவிக்கச் சொல்ல வேண்டும். இருவரும் தேடக் கிளம்பினால், திரும்பி வரும் குழந்தைக்கு அங்கே ஆள் இருக்காது. குழந்தைகள் உதவி எண் 1098.

மதுரை சித்திரைப் பொருட்காட்சிக்கும் சேலத்தில் ஆடிப் பண்டிகையை ஒட்டி நடப்பதற்கும் இதே முறைதான். மதுரையில் அது கோடை, இரும்பு இருக்கைகளும் பலூன் சறுக்கும் சுடும். ஐந்தரைக்கு முன் உள்ளே போக வேண்டாம். சேலத்தில் மாலை மழைக்கு ஒரு குடையும், சேற்றில் நடக்க மாற்றுச் செருப்பும் எடுத்துக்கொள்ளுங்கள்.