முதல் கிளாசிக்கல் செஸ் போட்டியா? ஸ்கோர்ஷீட் எழுதப் பழகுங்கள்

கோலாலம்பூரில் ரேபிட் (குறைந்த நேர) செஸ் போட்டிகளிலேயே ஆடிப் பழகியவர்கள், 90 நிமிடமும் நகர்வுக்கு 30 விநாடியும் தரும் கிளாசிக்கல் போட்டிக்கு முதன்முறை போனால் திணறுவது காய்களால் அல்ல, காகிதத்தால். ரேபிட்டில் நகர்வுகளை எழுத வேண்டியதில்லை, இங்கே ஸ்கோர்ஷீட் என்ற தாளில் எழுதுவது கட்டாயம்.

முதலில் பெயர், சுற்று, மேசை எண்ணை நிரப்புங்கள். கைப்பேசியை என்ன செய்வது என்று நடுவரிடம் கேட்டுவிடுங்கள். ஆட்டத்தின்போது சட்டைப்பையில் அகப்பட்டால் தோல்விதான்.

அடுத்து, வரிசை. காயை நகர்த்தி, அதே கையால் கடிகாரத்தை அழுத்தி, அப்புறம் எழுதுங்கள். முன்கூட்டியே எழுதிவைத்து யோசிப்பது விதிமீறல் (பின்னால் வரும் டிரா கோரிக்கை மட்டும் விதிவிலக்கு).

காய்களுக்கு ஆங்கில எழுத்து: குதிரைக்கு 'என்' (N), ராணிக்கு 'கியூ' (Q), ராஜாவுக்கு 'கே' (K). சிப்பாய்க்கு எழுத்தே இல்லை, போய்ச் சேரும் கட்டத்தின் பெயர் மட்டும். பி1, எஃப்3 இரண்டிலும் உங்கள் குதிரை நின்று, இரண்டுமே டி2-க்குப் போக முடியுமானால் 'என்டி2' போதாது. 'என்பிடி2' என்று எழுதினால்தான் எந்தக் குதிரை என்று தெரியும்.

சரி, இவ்வளவு சிரமம் எதற்கு? தோற்கிற ஆட்டத்தை இந்தக் காகிதம் காப்பாற்றும். ஒரே நிலை மூன்று முறை வந்தால் டிரா (சமன்) கோரலாம். உங்கள் ராணி இ8-இல் செக் வைக்கிறது, எதிராளியின் ராஜா எச்7-க்கு ஓடுகிறது. எச்5-இல் செக், ராஜா ஜி8-க்குத் திரும்புகிறது. மறுபடியும் இ8. அதே நிலை மூன்றாம் முறை வரப்போகிறது என்றால் ராணியைத் தொடாதீர்கள். 'கியூஇ8+' என்று எழுதுங்கள் ('+' என்றால் செக்), கடிகாரத்தை நிறுத்துங்கள், நடுவரைக் கூப்பிடுங்கள். அவர் மலாய்க்காரரோ சீனரோ, "டிரா கிளெய்ம்" என்றால் புரிந்துவிடும். எழுதாமல் ஆடிவிட்டால் அந்த நகர்வுக்கான உரிமை போயிற்று. எதிராளியின் நகர்வால் மூன்றாம் முறை வந்திருந்தால், நீங்கள் எதையும் தொடுமுன் கேட்க வேண்டும். மூன்றும் அடுத்தடுத்து வர வேண்டியதில்லை. ஆனால் மூன்று தடவையும் அடுத்து நகர்த்த வேண்டியவர் ஒருவராகவே இருக்க வேண்டும். கோரிக்கை தவறென்றால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடும், எழுதிய நகர்வையே நீங்கள் ஆட வேண்டும். தோற்கும் நிலையில் இது மலிவான விலை என்பேன்.

சில போட்டிகளில் கூடுதல் விநாடி இருக்காது. அங்கே 5 நிமிடத்துக்குக் கீழே போனதும் எழுதுவதை நிறுத்தலாம். 30 விநாடி கிடைக்கும் போட்டியில் அந்தச் சலுகை இல்லை, கடைசிவரை எழுதத்தான் வேண்டும்.

முடிந்ததும் கை குலுக்கி, இரண்டு தாள்களிலும் முடிவை எழுதி, இருவரும் கையெழுத்திடுங்கள். கையெழுத்துக்கு முன் 1-0 (வெள்ளைக்கு வெற்றி) தானா, 0-1 (கறுப்புக்கு வெற்றி) தானா என்று பாருங்கள். தவறாகப் போட்டாலும், நடுவர் மாற்றாதவரை அதுதான் முடிவு.