பைக் சாயும், டிரெய்லர் சாயாது: கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் அரியாங்குப்பத்திலிருந்து ஒரு தம்பி, பைக்கின் பின்னால் இழுக்கத் தானே வெல்டு வைத்த டிரெய்லரைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு கடலூர் முதுநகரில் இருக்கும் என் பட்டறைக்கு வந்தார். "தோப்புக்குள்ள ஓட்டிப் பார்த்தேன்ணே, வளைவுல பைக்க விடவே மாட்டேங்குது" என்றார். கொக்கியைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. பத்து வருடத்துக்கு முன் நான் செய்த அதே கூத்து. இந்த வருடத்தில் இவர் மூன்றாவது ஆள். நட்டை முடுக்கு, டயரில் காற்று பார் என்பதெல்லாம் யாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

கேரியரில் கொக்கி மாட்டுவது

வேண்டாம். பிரேக் பிடித்ததும் டிரெய்லர் உயரத்திலிருந்து தள்ளும், பின்சக்கரம் பிடிப்பை இழக்கும். ஆக்ஸில் போல்ட்டிலிருந்து இருபுறமும் பட்டை எடுத்து, தாழ்வாக மாட்டுங்கள்.

கிராஸ் ஜாயிண்ட் போட்டால் போதும் என்று நம்புவது

நாம் டிராக்டரைப் பார்த்துக் கெட்டுப்போகிறோம். நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு டிராக்டர்களில் ஒரு வளையம், ஒரு பின், வேலை முடிந்தது. ஆனால் டிராக்டர் வளைவில் சாயாது. பைக் சாய்ந்தால்தான் வளையும்.

அதனால் பைக் கொக்கிக்கு மூன்று அசைவு வேண்டும். இடம் வலம் திரும்ப ஒன்று, மேடு பள்ளம் ஏறி இறங்க ஒன்று, பைக் சாய்ந்து நிமிர ஒன்று. பழைய இரும்புக் கடையில் வேன் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் ஜாயிண்ட் கிடைக்கும். கையில் எடுத்து ஆட்டினால் எல்லாப் பக்கமும் போவதுபோல் தெரியும். அங்கேதான் ஏமாறுகிறோம். ஒரு முனையை முறுக்கிப் பாருங்கள், மறுமுனையும் கூடவே முறுகும். முதல் இரண்டு அசைவும் உண்டு, சாயும் அசைவு மட்டும் இல்லை. இன்ஜினின் சுற்றலைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகச் செய்த பொருள், வேறு எப்படி இருக்கும்?

நான் இதைத் தேவனாம்பட்டினத்தில் தெரிந்துகொண்டேன். கிராஸ் மட்டும் மாட்டிய காலி டிரெய்லரோடு இரண்டு நாள் ஓட்டினேன், ஒன்றும் தெரியவில்லை. இடப்பக்கம் சாயும்போதெல்லாம் டிரெய்லரின் வலச்சக்கரம் தரையை விட்டு எழும்பியிருக்கும், யார் திரும்பிப் பார்த்தது! மூன்றாம் நாள் இரண்டு ஐஸ் பெட்டி மீன் ஏற்றினேன். பாரத்தில் டிரெய்லர் எழும்பவில்லை. அதற்குப் பதில் பைக்கைச் சாய விடவில்லை. உடம்பைச் சாய்க்கிறேன், ஹேண்டிலைத் தள்ளுகிறேன், வண்டி நேராகப் போய் மணலில் இறங்கி நின்றது. எதிரே பஸ் வராதது என் நல்ல நேரம். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் முறுகிப்போயிருந்தது. அது, இரண்டு ஷாக், வீணான மீன் எல்லாம் சேர்த்து ஆறாயிரம் ரூபாய். டிரெய்லர் கட்டியதே ஐயாயிரத்துக்குத்தான்.

எரிச்சல் என்னவென்றால், இதைச் சரிசெய்யச் சில நூறு ரூபாய் போதும். ஏதாவது பழைய மொபெட்டின் ஹேண்டில் கழுத்தை, உள்ளே சுழலும் தண்டோடு வெட்டி வாங்குங்கள். நீளவாக்கில் படுக்கவைத்து, கழுத்தை டிரெய்லரின் ஏர்க்காலிலும் (கொக்கிக்கு நீளும் முன்தண்டு) தண்டைக் கிராஸிலும் வெல்டு வையுங்கள். சாய்வுக்கான அசைவு வந்துவிட்டது. வெல்டு வைக்கும்முன் கழுத்துக்குள் இருக்கும் பேரிங்கை, அதாவது கோன் செட்டையும் பால்ஸையும், கழற்றிவிட வேண்டும், சூட்டில் கெட்டுவிடும். இழுவை முழுக்க முனையில் இருக்கும் நட்டில்தான் விழும், ஆகவே அது கழலாமல் இருக்கச் செக் நட்டும் அதற்கு வெளியே ஸ்ப்ளிட் பின்னும் கட்டாயம். காருக்குப் போடும் பந்துக் கொக்கியும் கொஞ்ச தூரம்தான் சாயும், அப்புறம் பந்தின் கழுத்து இடிக்கும்.

சோதிப்பது சுலபம். டிரெய்லரை மாட்டிவிட்டு சைடு ஸ்டாண்ட் போடுங்கள். டிரெய்லரும் கூடவே சாயப் பார்த்தால் கொக்கி தப்பு. டிரெய்லர் நேராகவே நின்றால், ஒரு ஆளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, ஃபுட்ரெஸ்ட் தரையைத் தொடும்வரை இரு பக்கமும் சாய்த்துப் பாருங்கள். எங்கும் இடிக்கக் கூடாது.

பாரத்தைப் பின்னால் ஏற்றுவது

டிரெய்லரும் சுமையுமாக 80 கிலோ என்றால், கொக்கியில் 8 முதல் 12 கிலோ இறங்க வேண்டும். ஏர்க்காலின் முனையை வீட்டு எடை மிஷினில் வைத்தால் தெரிந்துவிடும். பாரம் ஆக்ஸிலுக்குப் பின்னால் போனால் பைக்கின் பின்பக்கம் லேசாகும், டிரெய்லர் வாலாட்டும். பண்ருட்டிப் பலா ஏற்றுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்: பழம் உருளும். ஏற்றும்போது சரியாக இருந்த எடை முதல் மேட்டிலேயே பின்னால் போய்விடும். நடுவில் தடுப்பு வையுங்கள்.

சைக்கிள் சக்கரம்

டிரெய்லர் சாயாததால் வளைவில் சக்கரத்துக்குப் பக்கவாட்டில் அடி விழும். சைக்கிள் ஸ்போக்கு அதற்கானதல்ல. பழைய ஸ்கூட்டரின் 10 அங்குலச் சக்கரம் போடுங்கள்.

கொக்கி வழியாக எர்த்

டிரெய்லர் லைட்டுக்கு இப்படி எர்த் எடுத்தால், கிரீஸ் பட்ட இடத்தில் அது நிற்காது, பிரேக் லைட் கண்ணடிக்கும். தனி ஒயர் இழுங்கள்.

சங்கிலி

கொக்கி கழன்றாலும் டிரெய்லர் ஓடிவிடாமல் இருக்க. இரண்டு. ஏர்க்காலுக்கு அடியில் குறுக்காக.

துரு

கடல் காற்று. வெல்டு ஆறியதும் ரெட் ஆக்சைடு பெயிண்ட்.

ஆர்.டி.ஓ. அலுவலகத்தைக் கடைசியில் நினைப்பது

சட்டப்படி டிரெய்லரும் ஒரு வாகனம்தான். பதிவு பற்றிக் கேட்டுவிட்டு வெல்டிங் ராடைத் தொடுங்கள். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் போக்குவரத்துத் துறை வேறு வேறு, உங்கள் பைக் எங்கே பதிவானதோ அங்கே கேளுங்கள். நான் அன்று மீன் ஏற்றிப் போனது கேட்காமல்தான், அதுவும் தவறுதான்.

அரியாங்குப்பம் தம்பியின் டிரெய்லர் இன்னும் பட்டறையில் நிற்கிறது. மொபெட் கழுத்து கிடைத்துவிட்டது, கோன் செட் மட்டும் புதிதாக வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன்.