மாடித் தொட்டிகளில் உப்பு படிந்தால்

சென்னையில் ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பி மாடித்தோட்டம் வளர்ப்பவர்கள் பலர், தொட்டியின் விளிம்பிலும் மண்ணின் மேற்பரப்பிலும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளை படிவதைப் பார்த்திருப்பார்கள். நீர் ஆவியானபின் மண்ணில் தங்கிவிடும் உப்பு அது. வேர் நீரை உறிஞ்சுவதை அந்த உப்பு தடுப்பதால், மண் ஈரமாக இருக்கும்போதே இலை நுனி பழுப்பேறிக் கருகத் தொடங்கும். அதைச் சத்துக் குறைவு என்று எண்ணி உரத்தைக் கூட்டினால் (நானும் செய்த தவறுதான்) செடி மேலும் வாடும்.

மேலே படிந்த பொருக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு, 10 லிட்டர் தொட்டிக்கு 20 லிட்டர் என்ற அளவில் நல்ல நீரை, அடித்துளை வழியே வடிந்தோடும்படி நிதானமாக ஊற்ற வேண்டும். அடித்தட்டில் தேங்கும் நீரை உடனே கொட்டிவிட வேண்டும். இல்லையேல் கரைந்த உப்பு மீண்டும் மண்ணுக்குள் ஏறிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழை இதே வேலையைச் செலவின்றிச் செய்யும் என்பதால், கூரைக்கு அடியில் உள்ள தொட்டிகளை அப்போது வெளியே நகர்த்தி வைக்கலாம்.

கோடையில் ஏசியிலிருந்து சொட்டும் நீரில் உப்பு அநேகமாக இராது. வாளியில் பிடித்து மல்லிகைக்கும் செம்பருத்திக்கும் ஊற்றலாம். ஆர்.ஓ. கருவி கழிக்கும் நீரோ இதற்கு நேர்மாறு, தொட்டிப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. தென்னை நார்க்கழிவிலும் உப்பு இருப்பதுண்டு. இரண்டு மூன்று முறை நீரில் ஊறவைத்துப் பிழிந்த பின்னரே மண்ணுடன் கலக்க வேண்டும்.