டார்ஸும் அனகொண்டாவும்: கை எந்தப் பக்கத்தால் போனது?

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ பின்னேரத்தில் விரிப்புப் போட்டு ஜியு-ஜிட்சு உருளும் (பிடித்துப் பயிற்சி செய்யும்) புதுப் பெடியளிடம் ஒரு பிழை திரும்பத் திரும்ப வரும்: டார்ஸுக்குக் கையைப் போட்டுவிட்டு, அனகொண்டாவுக்கு உருளுவது. இரண்டும் கையால் வளைத்துக் கழுத்தை நெரிக்கும் பிடிகள். நாடியைத் தாழ்த்து, நேரத்துக்கு டேப் பண்ணு (தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்) என்பதெல்லாம் முதல் நாளே சொல்லித் தருவது. அவற்றை விடுவோம்.

இரண்டும் ஒரே பூட்டு என்று நினைப்பது

பார்வைக்கு ஒன்றுதான். எதிராளி முழந்தாளில் குனிந்திருக்கிறார். தலையும் ஒரு கையும் உங்கள் வளையத்துக்குள். உங்கள் கை உங்களுடைய மற்றப் பைசெப்ஸைப் பிடித்திருக்கிறது. ஆனால் கை போகும் திசை நேர்மாறு. அனகொண்டாவில் கை கழுத்துப் பக்கத்தால் நுழைந்து கமக்கட்டால் வெளியே வரும். டார்ஸில் கமக்கட்டுக்குக் கீழால் நுழைந்து கழுத்தின் மறுபக்கத்தால் வெளியே வரும்.

இதனால் முடிக்கும் விதமும் மாறுகிறது. அனகொண்டாவில் அகப்பட்ட கையின் பக்கமாக உருண்டு, பிறகு பாதங்களை எதிராளியின் கால்களை நோக்கி நடத்த வேண்டும். அவரின் உடம்பு மடிய மடிய வளையம் சிறுக்கும். டார்ஸில் உருளத் தேவையில்லை. மற்றக் கையால் தலையைக் கீழே அமுக்கி, நுழைந்த கையை இன்னும் உள்ளே விட்டுப் பூட்டுங்கள்; இடுப்பைத் தாழ்த்தி, நெஞ்சை அவரின் தோளுக்குப் பின்னால் இறக்குங்கள். ஆழம் இல்லாமல் உருண்டால் இடைவெளி திறக்கும், எதிராளி மேலே வந்துவிடுவார்.

இதைவிட எரிச்சலூட்டுவது அடுத்து நடப்பது. பிடி சரிவரவில்லை என்று தெரிந்தும் பல்லைக் கடித்து நெரிப்பார்கள். நெல்லு மூட்டை தூக்கிப் பழகிய கைக்கு எல்லாவற்றையும் பலத்தால் முடிக்கலாம் என்ற நம்பிக்கை. இவ்வகைச் சோக்கில் (கழுத்து நெரிப்பில்) கழுத்தின் ஒரு பக்கத்து இரத்தக்குழாயை உங்கள் கை அடைக்கிறது; மறுபக்கத்தை அடைப்பது எதிராளியின் சொந்தத் தோள். அந்தத் தோள் கழுத்தோடு ஒட்டாவிட்டால் எவ்வளவு நெரித்தாலும் பாதி வேலைதான். இரண்டு பக்கமும் அடைபட்டால் 10 செக்கன் அளவிலேயே நினைவு தப்பும். ஒரு பக்கம் திறந்திருந்தால் மணிக்கட்டு எலும்பு தாடையிலோ குரல்வளையிலோ ஏறும். அவர் டேப் பண்ணினாலும் அது நோவுக்காக. அடுத்த சில நாட்கள் எச்சில் விழுங்கவும் கஷ்டப்படுவார். ஆடி வெக்கையில் கீ (தடித்த பயிற்சி உடை) இல்லாமல் உருளும்போது வியர்வையும் வழுக்கும். உங்கள் கைதான் முதலில் சோரும்.

நெரிக்க முன் மணிக்கட்டைப் பாருங்கள். டார்ஸில் அது கழுத்தைத் தாண்டி முழுதாக வெளியே தெரிய வேண்டும். பைசெப்ஸ் எட்டவில்லை என்றால் பூட்டாதீர்கள். ஐந்து எண்ணும்வரை இறுக்கியும் எதிராளி சாதாரணமாகக் கதைக்கிறார் என்றால் தளர்த்தி, அவரின் தோளை உள்ளே தள்ளித் திரும்பத் தொடங்குங்கள். கட்டைக் கைக்காரருக்கு டார்ஸ் லேசில் வராது. அவர்கள் அனகொண்டாவையோ, எதிராளியின் தலையையும் ஒரு கையையும் சேர்த்து மேலிருந்து நெரிக்கும் ஆர்ம் ட்ரையாங்கிளையோ முதலில் பழகுவது நல்லது.

ஆர்ம் ட்ரையாங்கிளில் பிழையான பக்கம் இறங்குவது

மவுண்டில் (எதிராளியின் மேல் ஏறி உட்கார்ந்த நிலையில்) இருந்து, அகப்பட்ட கை இருக்கும் பக்கம், அதாவது உங்கள் தலை இருக்கும் பக்கம் இறங்க வேண்டும்.

கிலட்டினை விடாமல் கிடப்பது

கிலட்டின் என்பது எதிராளியின் தலையைக் கமக்கட்டுக்குக் கீழே பிடித்து முன்பக்கத்தால் கழுத்தை நெரிப்பது. எதிராளி உங்கள் கால்களைத் தாண்டி, தன் தலை இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் வந்துவிட்டால் விடுங்கள். பிடித்துக்கொண்டே கிடந்தால் அவரின் தோள் உங்கள் கழுத்தில் இறங்கும். அதுதான் வொன் ஃப்ளூ சோக்.

டேப் கேட்கும் என்று நம்புவது

ஒரு கை வளையத்துக்குள் இருக்கும். மற்றக் கை உடம்புக்குக் கீழே மாட்டினால் வாயால்தான் சொல்ல வேண்டும். மாரியில் தகரக் கூரைக்குக் கீழே அது கேட்காது. காலால் விரிப்பில் அடிப்பதும் டேப்தான் என்று தொடங்க முன்னரே பேசி வையுங்கள். நெரிப்பவர் எதிராளியின் வெளிக்கையைக் கவனிக்க வேண்டும்: அது துவண்டால் உடனே விடுங்கள். நினைவு தப்பியவருக்கு அன்று மேலும் உருளல் வேண்டாம்.